காக்கை, மைக்ரோபோன், கேட்கும் அறை

கேட்பதற்கென்று தனியாக ஒரு அறை வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எப்போது, எதனால் வந்தது? நம் பழைய வீடுகளில் சமையலுக்கு, பூஜைக்கு, பிரசவத்திற்கு, தானியத்திற்கு என்று தனித்தனி இடம் இருந்தது. கேட்பதற்கு இல்லை. கேட்பது திண்ணையில், பந்தலில், மாட வீதியில் நடந்த காரியம். நாயனக்காரர் சுவாமிக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போவார், கூட்டம் அவரோடு நகரும், குழந்தை அழும், நாய் குரைக்கும், தீவட்டிக்கு எண்ணெய் ஊற்றுகிறவன் கத்துவான். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு நாயனத்தை மட்டும் தனியே எடுத்துக் கேட்கவேண்டும் என்று நினைப்பதற்கு ஒரு புதிய மனம் தேவைப்பட்டது. அந்த மனம் ரஸனையின் வளர்ச்சியால் வந்தது என்றுதான் நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அது ஒரு யந்திரத்தால் வந்தது.

இதை நான் யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் உத்தியோகம். கும்மிடிப்பூண்டியில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருக்கிறேன். சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், மீஞ்சூரும் பொன்னேரியும் தாண்டி, ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர். ஊரை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை. பழைய இரும்பை உருக்கும் உலைகள், உருகியதைக் கட்டிடக் கம்பியாக உருட்டும் மில்கள், வார்ப்படப் பட்டறைகள். எங்கள் கவுண்டருக்கு மாதாமாதம் வரும் ஒருவர் இப்படிப்பட்ட ஒரு மில்லில் 32 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு தன் வீட்டுக்கு அடியில் ஒரு அறை தோண்டிக்கொண்டிருந்தார். சத்தம் உள்ளே வராத அறை. ரிகார்டு கேட்பதற்கு. ‘ஸார் பாட்டெல்லாம் கேப்பீங்களாமே, எப்படிக் கட்டணும்னு புஸ்தகத்துல எதுனா இருக்குதா, பாத்துச் சொல்லுங்க’ என்றார். இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டுக் கவிதை விமர்சனம் எழுதுகிறவனுக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும்? படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தப் படிப்பின் மிச்சம்.

1902-ல் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகர்களை முதன்முதலில் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தபோது அவருக்குச் சத்தம் புகாத சுவர் தேவைப்படவில்லை. கிடைத்த அறையில் யந்திரத்தை வைத்தார். காரணம் சாதாரணமானது. அன்றைய பதிவு யந்திரத்தின் காது ஒரு தகரக் குழாய். பாடுகிறவர் அதன் வாய்க்குள் முகத்தை நுழைக்காத குறையாக நின்று உரக்கப் பாடவேண்டும். அந்தக் காற்றின் பலத்தால்தான் ஊசி மெழுகைக் கீறும். தெருவில் போகும் வண்டிக்கு அத்தனை பலமில்லை. குழாய்க்குக் காது மந்தம். மந்தமான காதுக்கு மௌனம் வேண்டியதில்லை. அந்தத் தட்டுகளில் நாம் கேட்கிற கரகரப்பு ஊசியின் சத்தம், ஊரின் சத்தம் அல்ல.

1925-ல் மின்சாரப் பதிவு வந்தது. குழாய் போய் மைக்ரோபோன் வந்தது. மெல்லப் பாடினால்கூடக் கேட்கும் என்று இதைக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மெல்லப் பாடுவதைக் கேட்கிற யந்திரம் அடுத்த வீட்டில் அம்மி அரைப்பதையும் கேட்கும். மனிதக் காது தனக்கு வேண்டாததைத் தள்ளிவிடத் தெரிந்தது. பந்தலில் உட்கார்ந்தவன் குழந்தையின் அழுகையைத் தாண்டித்தான் ஆலாபனையைக் கேட்டான். மைக்ரோபோனுக்கு அந்த விவேகம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நீதியோடு வாங்கிக்கொள்ளும். ஆகவே அது கேட்கக்கூடாதவற்றை அதன் அருகில் வராமலே செய்யவேண்டியதாயிற்று. மௌனம் ஒரு மனநிலையாக இருந்தது போய், தயாரிக்க வேண்டிய கச்சாப் பொருளாக ஆனது இந்த இடத்தில்தான்.

தயாரிக்கத் தெரியாதவர்கள் முதலில் அதை இரவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1931-ல் பம்பாயில் அர்தேஷிர் இரானி ‘ஆலம் ஆரா’வைப் பேசும் படமாக எடுத்தபோது ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை இருந்தது. ரயில்கள் ஓய்ந்தபிறகு நடுநிசியில் நடிகர்களை நிறுத்தி வசனம் பேச வைத்தார். அதே வருஷம் அக்டோபரில் வெளிவந்த ‘காளிதாஸ்’, தமிழின் முதல் பேசும் படம், அதே பம்பாயில்தான் எடுக்கப்பட்டது. 1934-ல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீனிவாஸா ஸினிடோனைத் தொடங்கினார். தமிழ்ப் படம் பேசுவதற்காக வடக்கே போகவேண்டிய நிலை மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அங்கே ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டது அவர் மனைவி மீனாட்சி. இந்தியாவில் அந்த வேலையைச் செய்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அக்காலத்து ஸ்டூடியோக்களில் சூரிய வெளிச்சத்தில் படம் பிடித்தார்கள். கூரை கிடையாது, இருந்தாலும் பெயருக்குத்தான். வெளிச்சம் வருகிற வழியில் காக்கையின் குரலும் வந்தது. காக்கைகளைச் சுட்டு விரட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள் என்பது நம் சினிமா வரலாற்றில் ஒரு வேடிக்கையாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. சாதத்தில் முதல் கவளத்தை வைத்துவிட்டுக் கா கா என்று நாமே குரல் கொடுத்துக் கூப்பிடுகிற பறவை. செத்துப்போனவர்கள் அதன் வடிவில் வருகிறார்கள் என்று நம்புகிற ஜனங்கள். அதன் குரலை முதன்முதலாக ‘இடையூறு’ என்று வகைப்படுத்தியது மைக்ரோபோன். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, புராணக் கதையின் வசனத்திற்கு நடுவே காக்கையைக் கேட்டு முகம் சுளித்த அந்தப் பெண்மணிதான் நம்மில் முதல் நவீனக் காதுக்காரர் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நானும் இதில் மாட்டிக்கொண்டேன். என் நண்பரும் மாட்டிக்கொண்டார். உள்ளே ஒலி எதிரொலிப்பதைக் குறைப்பது ஒரு வேலை. வெளியே இருக்கிற ஒலி உள்ளே வராமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை.

முதல் வேலைக்கு விஞ்ஞானம் செய்து கொடுத்தவர் ஹார்வர்டில் இருந்த வாலஸ் ஸாபின். 1895-ல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தைத் திறந்தார்கள். அதன் விரிவுரை மண்டபத்தில் ஒரு சொல்லைச் சொன்னால் அது ஐந்தரை விநாடி வரை அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. பேசுகிறவரின் ஒரு வாக்கியம் முடிவதற்குள் அவருடைய முந்தைய வாக்கியமே அவரை மறித்தது. ஸாபின் பக்கத்து அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பினார். ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு, கையில் கடிகாரத்தோடு, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி குறைகிறது என்று அளந்தார். அவரும் நடுநிசிக்குப் பிறகுதான் வேலை செய்தார். பகலில் ட்ராம் ஓடியது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 1900-ல் பாஸ்டன் ஸிம்பனி மண்டபம் எழுந்தது. மெத்தை, கம்பளம், திரைச்சீலை, தேங்காய் நார், கோணி எல்லாம் இந்த முதல் வேலையைச் செய்கிறவை.

இரண்டாவது வேலையை இவை செய்யா. என் நண்பர் ஆரம்பத்தில் முட்டைத் தட்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டினார். ஊரில் எல்லோரும் சொல்கிற வைத்தியம் அது. பேசினால் உள்ளே குரல் கொஞ்சம் அடங்கியது. வெளியே போன லாரி முன்போலவே உள்ளே வந்தது. ஒலியைத் தடுப்பது எடை. சுவரின் எடையை இரட்டித்தால் அதைக் கடந்து வருகிற ஒலி ஏறத்தாழ 6 டெஸிபல் குறைகிறது. பூச்சுடன் கூடிய 9 அங்குலச் செங்கல் சுவர் 50 டெஸிபல் அளவுக்கு மறிக்கும். ஆனால் அதே சுவரில் நூற்றில் ஒரு பங்கு இடத்தைத் திறந்து விட்டால் மறிப்பது 20-க்கு மேல் போகாது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சுவருக்குச் செலவழித்ததில் பெரும்பகுதி வீண். இதற்கு மேல் வேண்டுமானால் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுவர் எழுப்பி நடுவில் காற்றும் ராக்வூலும் விடவேண்டும். தரையையும் ரப்பர் மேல் மிதக்கவிட வேண்டும்.

இந்த முட்டைத் தட்டு விஷயத்தைப் படித்தபோது எனக்கு நம் பத்திரிகைகளின் ஞாபகம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முந்நூறு பேர் படிக்கிற இடத்தில் நாம் நமது குரலின் எதிரொலியைத்தான் அடக்கிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் உறிஞ்சிக்கொள்கிறார். அறை இதமாக இருக்கிறது. தெருவை வெளியே நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தெரு முன்போலவே உள்ளேதான் இருக்கிறது. அதை நிறுத்துகிற எடை நம்மிடம் இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

வரலாற்றுக்குத் திரும்புகிறேன். 1924-ல் சென்னையில் மாகாண ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கி, பணமில்லாமல் 1927-ல் நிறுத்தியது. 1930-ல் நகராட்சி அந்தப் பொறுப்பை ஏற்றது. ரேடியோ வாங்க முடியாதவர்களுக்காக மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938-ல் அகில இந்திய ரேடியோ நிலையம் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மௌனம் முழுதும் பாடுகிறவர் பக்கம் இருந்தது. அடைத்த அறையில் காக்கையில்லாமல் பாடப்பட்டது, கடற்கரை மணலில் காக்கையோடும் அலையோடும் சுண்டல் விற்கிறவனோடும் கேட்கப்பட்டது. கேட்கிறவன் இன்னும் பழைய பந்தலில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

கேட்கிறவனுக்கும் சுவர் வேண்டும் என்பது கடைசியாக வந்த ஆசை. நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டும் நல்ல ஒலிபெருக்கியும் வீட்டுக்கு வந்தபிறகு, தட்டில் இருக்கிற மௌனம் அவன் காதில் பட ஆரம்பித்தது. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே ஒன்றுமில்லாத ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் தன் வீட்டு மிக்ஸி ஓடுகிறது. ஸ்டூடியோவின் சுவரை அவன் தன் வீட்டில் கட்டிக்கொள்ள நினைத்தது அதனால்தான். எதிர்த்திசையில், 1989-ல் ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக்கொண்டார். ஸ்டூடியோவே வீட்டுக்கு வந்துவிட்டது. இன்று பாடுகிறவர், பதிகிறவர், கேட்கிறவர் எல்லோரும் தனித்தனி அறைகளில் இருக்கிறார்கள். நடுவில் வீதி கிடையாது.

கும்மிடிப்பூண்டி இந்த வரலாற்றில் எங்கே வருகிறது? இரவில் வருகிறது. ஸாபினும் இரானியும் மௌனத்தை இரவிலிருந்து எடுத்தார்கள் என்றேன். இந்த ஊரில் அது முடியாது. உயரழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகளுக்கு மாலை உச்ச நேரத்தில் கட்டணம் கூடுதல்; இரவு 10-க்கு மேல் சற்று மலிவு. இரும்பை உருக்குவதில் செலவென்பது பெரும்பாலும் மின்சாரம். ஆகவே மற்ற ஊர்களில் சத்தம் அடங்குகிற நேரத்தில் இங்கே வேலை சூடு பிடிக்கிறது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெஸிபல் என்றும் தொழிற்பகுதிக்கு 70 என்றும் வரம்பு வைக்கின்றன. 25 டெஸிபல் வித்தியாசம் என்றால் ஒலியின் சக்தியில் முந்நூறு மடங்குக்கு மேல். இந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் இங்கே பல இடங்களில் இருப்பது ஒரு சாலைதான். சாலையைக் கடக்கும்போது ஒலி விதியைப் படித்துவிட்டுக் கடப்பதில்லை.

ஆலைக்கு உள்ளே கணக்கு இன்னொன்று. எட்டு மணி நேரத்திற்கு 90 டெஸிபல் என்பது தொழிற்சாலை விதிகள் சொல்கிற எல்லை. சத்தத்தால் காது கேளாமற் போவது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகவே இருந்தது. என் நண்பரை அவர் வேலை பார்த்த இடத்தில் 32 வருஷத்தில் ஒருமுறைகூட யாரும் காதுப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஓய்வு பெற்றபின் மகள் வற்புறுத்தியதால் சென்னையில் பரிசோதித்துக்கொண்டார். அந்தத் தாளை என்னிடம் காட்டினார். கோடு சமமாகப் போய், 4000 அதிர்வு எண்ணில் பள்ளத்தில் விழுந்து, பிறகு கொஞ்சம் ஏறுகிறது. சத்தத்தில் வேலை செய்தவர்களின் காது இந்த இடத்தில்தான் முதலில் அரிக்கும் என்று புத்தகங்களில் இருக்கிறது. பேச்சு கேட்கும், ஸகரமும் சகரமும் மங்கும். கஞ்சிராவில் சலங்கை போய்த் தோல் மட்டும் மிஞ்சும்.

தம்புராவைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. ராமன் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் நம் வாத்தியங்களைப் பற்றிச் சில கட்டுரைகள் எழுதினார். மிருதங்கத்தின் நடுவில் அப்பியிருக்கும் கறுப்பு எப்படித் தோலின் கலைந்த ஒலிகளை ஸ்வர வரிசையில் நிறுத்துகிறது என்பது ஒன்று. தம்புராவின் குதிரையில் தந்திக்கடியில் செருகுகிற நூல், பழைய கோட்பாட்டின்படி எழவே முடியாத மேல் ஸ்வரங்களையும் எழுப்புகிறது என்பது இன்னொன்று. அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர் வைத்தவர்கள் ராமனைப் படிக்காதவர்கள். அது எழுப்புகிற மினுமினுப்பில் ஒரு பகுதி அவருடைய பள்ளத்தில் விழுந்துவிட்டது. நான் ஏதோ உற்சாகத்தில் இதை விளக்கிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘அப்ப நான் கேக்கறது தம்புரா இல்லியா தம்பி’ என்றார். வங்கியில் ஸார், அவர் வீட்டில் தம்பி.

அறை ஒருவழியாக முடிந்தது. கிழக்கே பழவேற்காடு ஏரி; தோண்டினால் சீக்கிரம் தண்ணீர். ஆகவே பாதி பூமிக்குள், பாதி மேலே. நீளம் 16 அடி, அகலம் 12, உயரம் 8. கட்டி முடித்த பிறகுதான் கணக்குப் போட்டேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் போய்த் திரும்புகிற ஒலியில், அந்தத் தூரத்திற்கு ஒத்துப்போகிற அதிர்வு மட்டும் வீங்கும். 16 அடிக்கு 35, 12-க்கு 47, 8-க்கு 70. உயரம் நீளத்தில் சரிபாதியாக அமைந்துவிட்டதால் 35-ன் இரட்டிப்பும் 70-ன் மேலேயே வந்து உட்கார்ந்தது. தொப்பி அந்தப் பக்கம் இறங்கும்போதெல்லாம் அறை மொத்தமும் கும்மென்று ஒரு பானையாகிவிடும். மூலைகளில் தடிமனாக ராக்வூல் அடைத்துத் துணி போர்த்தியபின் ஓரளவு அடங்கியது. கதவைக் கனமான பலகையில் செய்து ரப்பர் ஓரம் வைத்தார். மேலே ஆறு அங்குலக் கான்கிரீட். அதற்குள் இருக்கிற கம்பி இந்த ஊரில் உருட்டியது.

அந்தக் கம்பியிடம்தான் நான் நின்றுவிடுகிறேன். ஒலியைத் தடுப்பது எடை. எடையென்றால் இன்று கான்கிரீட், கான்கிரீட் என்றால் கம்பி. சென்னையில் யாரோ ஒரு ரஸிகர் கதவைச் சாத்திக்கொண்டு பிருகாக்களுக்கு நடுவே இருக்கிற வெற்றிடத்தைக் கேட்கும்போது, அவர் தலைக்கு மேல் தளத்தில் படுத்திருக்கிற இரும்பு, யாருடைய காதையோ தேய்த்துக்கொண்டு உருண்டு வந்த இரும்பு. அவர் கேட்கிற மௌனம் இங்கே சத்தமாகச் செய்யப்படுகிறது. இதைச் சொல்வதால் அவர் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அப்படி ஒரு அறை வேண்டும் என்ற ஆசை இன்னும் போகவில்லை. ரஸனை தூய்மையானது, அதற்கு விலாசம் கிடையாது என்று நாம் பேசிவந்த பேச்சை மட்டும் இனிமேல் என்னால் பேச முடியாது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு கடைசி ரயிலை விட்டுவிட்டு அவர் வீட்டில் தங்கினேன். கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். தட்டு சுழன்றது, தம்புரா தொடங்கியது. ‘கேக்குதா’ என்றார். கேட்கிறது என்றேன். தலையாட்டிக்கொண்டார். மணி பத்தரை இருக்கும். சுவர் வழியாக ஒன்றும் வரவில்லை. சுவர் நல்ல சுவர். ஆனால் தரையை மிதக்கவிடப் பணம் போதவில்லை. காலுக்கடியில் மெல்லிய ஒரு நடுக்கம் வந்து நின்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார்.

‘பில்லெட்டு உள்ள போவுது. இது நம்ம மில்லு இல்ல தம்பி, அடுத்தது’ என்றார்.

அதன்பிறகு பாட்டைக் கேட்டோம்.